ஸ்கேனர் சொல்லும் ஜோடிக் கணக்கு

மே மாதப் பகல். தகரக் கூரை போட்ட பட்டறைக்குள் நிற்க முடியாத அளவுக்கு வெக்கை. அங்கே நிற்கும் காரில் ஸ்கேனரைச் செருகினால், இன்ஜின் கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று திரை காட்டுகிறது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் கருவி ரிப்பேர் என்பான். கை தேறிய மெக்கானிக் ஒன்றும் பேசாமல் பானெட்டைத் திறந்து, கூலன்ட் சென்சாரின் கப்ளர் கழன்று கிடக்கிறதா என்று பார்ப்பார்.

அந்த மைனஸ் 40க்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கார் தன்னைத்தானே சோதிக்கும் ஏற்பாடான ஓபிடியின் (ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ்) விதிப்படி கூலன்ட் வெப்பநிலை 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகத்தான் ஸ்கேனருக்கு வந்து சேரும். அதில் 40ஐக் கழித்தால் டிகிரி செல்சியஸ். சென்சாரோ குளிரக் குளிர மின்தடை ஏறும் சாதி. ஒயர் அறுந்தால் தடைக்கு எல்லையே இல்லை. இன்ஜினை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். அளவுகோலின் அடிமட்டமான மைனஸ் 40 திரையில் வந்து நிற்கும். மெக்கானிக் ஒரு துண்டு ஒயரால் கப்ளரின் இரண்டு முனைகளையும் இணைத்துப் பார்ப்பார். எண் சட்டென்று மறுகோடிக்குத் தாவி நூற்றைத் தாண்டினால் ஒயரிங் நல்லது, கன்ட்ரோல் யூனிட்டும் நல்லது. மாற்ற வேண்டியது சென்சார் மட்டும். இரண்டே நிமிட வேலை.

ஸ்கேனரை ரசித்துக் கையாளுகிறவர்கள் எந்த எண்ணையும் தனியாகப் படிப்பதில்லை. பக்கத்தில் இன்னொரு எண்ணை நிறுத்தி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியைத் திருப்பியதும் கூலன்ட் வெப்பநிலையும், இன்ஜின் இழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 29, மற்றொன்று 47 என்றால் இரண்டில் ஒரு சென்சார் பொய் சொல்கிறது. இதற்கு எரர் கோடு எதுவும் விழாமலே இருக்கலாம். ஆனால் காலையில் ஸ்டார்ட்டிங் தகராறு வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கார் தன் நோயைத் தானே சொல்லும் இந்த ஏற்பாடு காற்று மாசிலிருந்து பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிய கலிபோர்னியா, 1988 மாடல் கார்களிலிருந்து தற்சோதனை வசதியைக் கட்டாயமாக்கியது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஓபிடி இரண்டாம் கட்டம் வந்தது. 16 துளை கொண்ட ஒரே வடிவ சாக்கெட்டும் அதனுடன் வந்தது. ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களுக்கு 2001. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில், 2010இல் முதல் கட்டமும் 2013இல் இரண்டாம் கட்டமும். ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்கால் அருகே ஒளிந்திருக்கும் அந்தச் சாக்கெட்டை வண்டி வாங்கிப் பத்து வருடமாகியும் பார்க்காத உரிமையாளர்கள் உண்டு.

சாக்கெட்டின் வடிவம்தான் ஒன்று. உள்ளே ஓடும் மொழிகள் பல. 16ஆம் முனை பேட்டரி, 4ம் 5ம் எர்த். பழைய வண்டிகள் பல 7ஆம் முனையில் கே-லைன் வழியே பேசும். வேகம் நொடிக்கு 10,400 பிட். பிந்தைய வண்டிகள் 6, 14 முனைகளில் கேன் வழியே பேசும். பொதுவாக நொடிக்கு 5 லட்சம் பிட். பாஷ் கம்பெனி உருவாக்கி 1986இல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய முறை அது. கே-லைன் வண்டியில் இருபது அளவுகளை ஒரே சமயத்தில் கேட்டால் ஒவ்வோர் எண்ணும் ஆடி அசைந்துதான் மாறும். நொடிப்பொழுதில் வந்து போகும் கோளாறு அந்த இடைவெளியில் நழுவிவிடும். அனுபவசாலி மூன்று நான்கை மட்டும் தேர்ந்தெடுப்பார். எதைக் கேட்பது, எதை விடுவது என்பதிலேயே அவருடைய தேர்ச்சி தெரிந்துவிடும்.

சட்டம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக்கியது புகை சம்பந்தப்பட்ட விஷயங்களை மட்டுமே. ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டியரிங், கதவுப் பூட்டு எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சொந்த பாஷை. மல்டி பிராண்ட் ஸ்கேனரின் மதிப்பு இங்கேதான். ஷென்செனிலிருந்து வரும் லாஞ்ச், ஆட்டெல், ஜெர்மனியின் பாஷ் கேடிஎஸ் போன்றவை பல கம்பெனிகளின் பாஷைகளையும் பேசுகின்றன. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய ஈஎல்எம்327 சிப்பின் நகல்கள் சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் துண்டுகளாகக் கிடைக்கின்றன. இன்ஜினின் பொது அளவுகளைப் பார்க்க அவற்றில் நல்லவையே போதும். ஏர்பேக் விளக்கு எரிகிறது என்றால் பெரிய கருவிதான் வேண்டும்.

எரர் கோடு என்பது எஃப்.ஐ.ஆர். மாதிரி. புகார் பதிவாகியிருக்கிறது, விசாரணை இனிமேல்தான். பி0171 என்றால், முதல் எழுத்து இன்ஜின், கியர் பகுதியைச் சொல்கிறது. அடுத்த 0 எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்கிறது. அதற்கடுத்த 1 எரிபொருள், காற்று அளவு சார்ந்தது என்கிறது. மொத்தத்தில், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்வது பட்டறைகளில் பழகிப்போன தவறு. அந்தச் சென்சார் நடந்ததைச் சொன்ன சாட்சி மட்டுமே.

விசாரணை ஃப்யூயல் ட்ரிமில் தொடங்குகிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த விகிதம் பிசகும்போது கன்ட்ரோல் யூனிட் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது; எத்தனை சதவீதம் சரிக்கட்டியது என்பதே ட்ரிம். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. 10ஐத் தாண்டினால் தேட வேண்டும். பி0171 விழுந்த வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் ட்ரிம் பிளஸ் 24. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் பிளஸ் 5. இந்த ஜோடி ஒரு கதை சொல்கிறது. எங்கோ ஓர் ஓஸ் விரிசல் விட்டு, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுப்பதே கொஞ்சம் காற்று. அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. வேகம் ஏறும்போது மொத்தக் காற்று பெருகி, திருட்டின் பங்கு சிறுத்துவிடுகிறது. எண்கள் தலைகீழாக, ஐடிலிங்கில் 3, மிதிக்க மிதிக்க 20 என்று ஏறினால், கதை வேறு: பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம்.

முதல் கதைக்கு முடிவு காண்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மெக்கானிக் ஸ்கேனரை விண்ட்ஷீல்டில் சாய்த்து வைத்துவிட்டு, இன்டேக் பக்கம் உள்ள ஓஸ்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துகிறார். கண் திரையை விட்டு விலகவில்லை. மூன்றாவது ஓஸின் வளைவில், கிளிப்புக்குக் கீழே விரல் படுகிறது; உடனுக்குடன் மாறும் குறுகிய கால ட்ரிம் 18, 11, 6 என்று இறங்குகிறது. விரலை எடுத்ததும் பழையபடி ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் எண்ணில் தெரிந்துவிட்டது. மாற்ற வேண்டியது ஒரு சாண் ரப்பர்.

இந்தியப் பெட்ரோல் இந்த வாசிப்பில் ஒரு புதுச் சிக்கலைச் சேர்த்திருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அதே காற்றுக்கு அது கூடுதல் அளவில் தேவைப்படும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை, அதற்கென்று அமைக்கப்படாத பழைய வண்டியில் நிரப்பினால் ட்ரிம் சில புள்ளிகள் பிளஸ் பக்கம் சாயும். ஓஸ் விரிசலிலிருந்து இதைப் பிரித்தறிவது எப்படி? மறுபடியும் ஜோடிதான். எரிபொருளால் வரும் சாய்வு ஐடிலிங்கிலும் வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்.

டீசலில் பார்க்க வேண்டிய ஜோடி வேறு. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் ஒரு காலத்தில் இந்தியச் சாலைகளை ஆண்டது. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா. டாடா இண்டிகா விஸ்டா, மான்ஸா. ஃபியட் லீனியா, புன்ட்டோ என்று பல கார்களின் பானெட்டுக்குள் அந்த ஒரே குடும்பம்தான். மாருதி அதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. பாரத் ஸ்டேஜ் 6 வந்த 2020இல் மாருதி அதற்கு விடை கொடுத்தது. கம்பெனிக்குக் கம்பெனி மெனு மாறினாலும், செல்ஃப் சுற்றியும் இன்ஜின் எடுக்கவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: காமன் ரெயிலில் கன்ட்ரோல் யூனிட் கேட்கும் அழுத்தம் எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு? 300 பார் கேட்டு 110 கிடைத்தால் இன்ஜெக்டர் திறக்கவே வழியில்லை. அடுத்து நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாயிலும் நான்கு சின்ன பாட்டில்களைக் கட்டி செல்ஃப் அடிப்பார்கள். ஒரு பாட்டிலில் மட்டும் டீசல் மளமளவென்று ஏறினால் குற்றவாளி அந்த இன்ஜெக்டர். நான்கும் அளவோடு இருந்தால் பம்பு, ஃபில்டர், காற்றுக் கசிவு பக்கம் போக வேண்டும். இன்ஜின் ஓடும்போது ரெயிலிலும் அங்கிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் குழாய்களிலும் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகும். தோலைத் துளைக்கக்கூடிய அழுத்தம், கை வைக்கக் கூடாது.

நல்ல கருவி கேட்பதோடு நிற்காமல் உத்தரவும் போடும். ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை, இன்ஜின் சூடாகிறது. ஸ்கேனரிலிருந்தே ஃபேனை ஓடச் சொல்லலாம். ஓடினால் மோட்டார், ரிலே, ஃப்யூஸ், ஒயர் அத்தனையும் ஒரே பட்டனில் விடுதலை. இனி வெப்பநிலை சென்சார் பக்கம் தேடினால் போதும். ஓடாவிட்டால் தேடல் ரிலே பக்கம் திரும்புகிறது. பாதி வண்டியைக் கழற்றிக் கண்டுபிடிக்க வேண்டியதை உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டாகப் பிரித்துவிடுகிறது இந்த வசதி.

ஸ்கேனருக்கு வண்டி பதிலே சொல்லாவிட்டால், அல்லது அரைகுறையாகச் சொன்னால்? சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் முழுகிய கார்களைப் பார்த்த மெக்கானிக்குகளுக்கு இது புதிதல்ல. யூ எழுத்தில் தொடங்கும் தொடர்புக் கோடுகள் பக்கம் பக்கமாக விழும். அப்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதே சாக்கெட்டின் 6, 14 முனைகளில் சாதாரண மல்டிமீட்டரை வைப்பார்கள். கேன் ஒயரின் இரு கோடியிலும் 120 ஓம் தடைகள் பக்கவாட்டில் இணைந்திருப்பதால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட். லட்ச ரூபாய்க் கருவி மௌனமாகும் இடத்தில் சில நூறு ரூபாய் மீட்டர் வழி காட்டும்.

இந்தக் கருவிகள் தனியார் பட்டறைகளுக்கு எட்டுவது வாழ்வாதாரப் பிரச்சினையும்கூட. உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. கம்பெனியே கடையைக் கட்டிய வண்டிகளும் உண்டு: 2017இல் செவ்ரோலே இந்திய விற்பனையை நிறுத்தியது. 2021இல் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தெருமுனைப் பட்டறையின் மல்டி பிராண்ட் ஸ்கேனரே துணை.

நல்ல கையையும் அவசரக் கையையும் ஒரே பட்டனில் பிரித்துவிடலாம். கோடுகளை அழிக்கும் பட்டன் அது. அவசரக்காரர் ஸ்கேனரைச் செருகியதும் அதை அழுத்துவார். விளக்கு அணையும், உரிமையாளர் மகிழ்வார். ஆனால் அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு நடந்த கணத்தில் வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் எவ்வளவு சூடு என்று வண்டி எடுத்து வைத்த பதிவு அது. "மிஸ்ஸிங் அடிக்குதுங்க" என்று வந்த வண்டியில் வேகம் 0, ஆர்பிஎம் 780, கூலன்ட் 34 டிகிரி என்றிருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு வந்த கோளாறு என்று புரியும். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. விற்பவர் முந்தின நாள் கோடுகளை அழித்துவிட்டால் விளக்கு எரியாது. ஆனால் கோடுகள் அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம் என்ற அளவைப் பல வண்டிகள் வைத்திருக்கின்றன. "ரெண்டு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல சார்" என்று சொல்லப்படும் வண்டியில் அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், பேரத்தை அங்கேயே நிறுத்திக் காரணம் கேட்கலாம்.

அடுத்த முறை செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் பட்டறையில் இரண்டு விஷயங்களைச் செய்யுங்கள். எதையும் அழிக்கும் முன் எரர் கோடுகளையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த உதிரிபாகத்தை மாற்றச் சொன்னாலும், எந்த இரண்டு எண்களைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் அரை மணி நேரம் சோதித்துவிட்டு, வேறு பாகம் எதுவும் மாற்றாமல் ஓஸை மட்டும் மாற்றி அனுப்பினால், அந்த அரை மணி நேரத்துக்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.