பழைய டிஎஸ்எல்ஆர்: பணத்தை எங்கே போடுவது?

பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ 2012-இல் திரைக்கு வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் அதைப் படம்பிடித்தது கேனான் 7டி என்னும் டிஎஸ்எல்ஆர் கேமராவில். 2009-இல் சந்தைக்கு வந்த அந்த மாடல் இன்று செகண்ட் ஹேண்டில் நடுத்தரக் கைப்பேசி ஒன்றின் விலைக்கும் கீழே கிடைக்கிறது. தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர்களான பிச்சாட்டூரிலும் புத்தூரிலும் நாகலாபுரத்திலும் கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா என்று படமெடுத்துத் தொழில் பழகுகிறவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. கையில் காசு குறைவாக இருப்பவர் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குவது சரியான முடிவுதான். ஆனால் அப்படி வாங்குகிறவர்களில் பலர் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள்.

முதலில் இந்த வழியின் பலத்தைப் பார்ப்போம். டிஎஸ்எல்ஆர் விலை சரிந்ததற்குக் காரணம் அதன் படத்தரம் கெட்டுப்போனது அல்ல. தொழில், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் பக்கம் திரும்பியதுதான். கேனான் தன் கடைசி உச்ச மாடலான 1டிஎக்ஸ் மார்க் 3-ஐயும் நிக்கான் டி6-ஐயும் 2020-இல் வெளியிட்டன. அதன்பின் அந்த வரிசையில் புதியது வரவில்லை. மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் விற்றுத் தள்ளியதால் நல்ல நிலையில் உள்ள கேமராக்களும் குறைந்த விலைக்கு வந்துவிட்டன. லென்ஸ் கையிருப்போ அதைவிடப் பெரிது. கேனானின் இஎஃப் மவுன்ட் 1987-இலும் நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-இலும் பிறந்தவை. இத்தனை ஆண்டு லென்ஸ்கள் பழைய சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

குறை வாங்குகிறவரின் கணக்கில் இருக்கிறது. முப்பதாயிரம் ரூபாய் இருந்தால் முப்பதாயிரத்துக்கும் பாடியை, அதாவது கேமராவின் உடல் பகுதியைத் தேடுகிறோம். அதோடு வரும் 18-55 கிட் லென்ஸே போதும் என்று விட்டுவிடுகிறோம். கல்யாண மண்டபத்தில் விடியற்காலை முகூர்த்தத்தின்போது உண்மை தெரியும். 50 மில்லிமீட்டரில் கிட் லென்ஸின் துளை எஃப்/5.6 வரைதான் திறக்கும். சாதாரண 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எவ்வளவு உயர்ந்த பாடியை வாங்கினாலும் அந்தப் பத்து மடங்கை எளிதில் ஈடுகட்ட முடியாது. பறவை எடுப்பவருக்கும் இதே நியாயம். பிச்சாட்டூர் ஆரணியாறு அணையில் நீர்ப்பறவையையோ, சூலூர்பேட்டை அருகே நேலப்பட்டில் கூழைக்கடாவையோ எடுக்க வேண்டுமானால் பணம் லென்ஸுக்குத்தான் போக வேண்டும். கேனானின் எளிய 55-250 லென்ஸ் சிறிய சென்சார் பாடியில் 400 எம்எம் லென்ஸின் நெருக்கத்தைத் தரும்.

லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் முடியாது. நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 2010-இல் வந்த டி7000-இல் மோட்டார் உண்டு. இரண்டு கார்டு போடும் வசதியும் உண்டு. ஒரு கார்டு கெட்டுப்போய்த் தாலி கட்டும் படம் தொலைந்தால் மறுபடி எடுக்க முடியாது. வயதில் மூத்ததாக இருந்தாலும் கல்யாண வேலைக்குப் புதிய தொடக்கநிலை மாடலைவிட டி7000 பொருத்தமாவது இதனால்தான்.

வீடியோ விஷயத்தில் பழைய டிஎஸ்எல்ஆரின் பலவீனம் வெளிப்படையானது. ‘வழக்கு எண்’ படத்தைச் சுட்டிக்காட்டி 7டி-யே போதும் என்று சொல்வது பாதி உண்மை. திரைப்படத்தில் ஒளியமைப்பு உண்டு, கையால் ஃபோகஸ் இழுக்க உதவியாளர் உண்டு, ரீடேக் உண்டு. மண்டபத்தில் தனியாளாக நிற்பவருக்கு இவை எதுவும் கிடையாது. வீடியோவின்போது ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் பிடிப்பதில் 7டி மிகவும் பின்தங்கியது. கேனானில் அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது 2013-இல் வந்த 70டி-யோடுதான். 4கே கேட்கும் வாடிக்கையாளரை நம்பித் தொழில் நடத்துகிறவர் பொறுத்திருந்து பழைய மிரர்லெஸ் வாங்குவதே நல்லது.

அடுத்தது சோதனை. பழைய பைக்குக்குக் கிலோமீட்டர் பார்ப்பதுபோல் இங்கே ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்னும் ஷட்டர் கவுண்ட் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். நிக்கானில் அது எடுத்த படத்தின் கோப்பிலேயே பதிவாகிறது. கேனானின் பல மாடல்களில் கேபிள் இணைத்து மென்பொருள் வழியாகத்தான் படிக்க முடியும். 7டி-யின் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு 2,000 படம் என்று வைத்தால் 75 கல்யாணத்தில் அந்த அளவு முடிந்துவிடும். ஆகவே எண்ணோடு, விற்பவர் யார், கேமராவை எதற்குப் பயன்படுத்தினார் என்பதும் முக்கியம். மணிக்கணக்கில் ஓடிய வீடியோவின் தேய்மானம் அந்த எண்ணில் தெரியாது.

எண்ணைவிடக் கண் நிறையச் சொல்லும். துளையை எஃப்/16-க்குச் சுருக்கி வெற்று வானத்தை எடுத்தால் சென்சாரில் உள்ள தூசியும் எண்ணெய்ப் பொட்டும் தெரியும். லென்ஸைப் பின்னிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பங்கஸ் நூல்நூலாகத் தெரியும். சென்னைக் கடற்கரை ஈரத்தில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸுக்கு இந்தச் சோதனை கட்டாயம். மாடலின் வரலாற்றையும் விசாரிக்க வேண்டும். 2012-இல் வந்த நிக்கான் டி600-இன் சென்சாரில் பொட்டுகள் விழுந்ததால் அந்நிறுவனம் 2014-இல் இலவசமாக ஷட்டரை மாற்றித் தந்தது. மாற்றப்பட்ட டி600 நல்ல கேமரா, மாற்றப்படாதது தொல்லை.

பில்லும் பெட்டியும் கேட்பது சடங்கு அல்ல. பில்லில் உள்ள வரிசை எண் பாடியின் அடியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் விலகிவிடுவதே நல்லது.

பிச்சாட்டூர்க்காரருக்குச் சாதகமான ஒன்று உண்டு: சென்னையும் திருப்பதியும் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். ஆகவே படத்தை மட்டும் பார்த்து ஆன்லைனில் முன்பணம் அனுப்ப அவசியமே இல்லை. நேரில் போய்ப் பகல் வெளிச்சத்தில் சோதித்து வாங்கலாம். பாதகம், பழுதானால் ஊரில் சரிசெய்ய ஆளில்லை என்பது. பழைய மாடலுக்கு உதிரிபாகம் கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. இந்த அபாயத்தை விலை குறைவு மறைத்துவிடுகிறது. வாங்கும் அன்று மிச்சமான பணம் சர்வீஸுக்கும் வாடகைக் கேமராவுக்கும் போய்விடக்கூடும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டும் நான் பழைய டிஎஸ்எல்ஆர் பக்கமே நிற்கிறேன். மதுரையில் மீன் விற்ற தாயின் மகனான எம். பழனிகுமார் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை ஒளிப்பதிவு செய்தார். துப்புரவுத் தொழிலாளர் வாழ்வை உள்ளே நின்று பதிவுசெய்தவர் அவர். வசதியற்ற வீட்டிலிருந்து வருகிறவர் கையில் கேமரா சேர்ந்தால், அதுவரை யாரும் எடுக்காத படங்கள் வரும். அதற்கான கதவை இந்த மலிவுச் சந்தை திறந்து வைத்திருக்கிறது. அதில் நுழைகிறவருக்கு என் பரிந்துரை இதுதான்: கையிலுள்ள பணத்தில் பாதியை லென்ஸுக்கு ஒதுக்குங்கள், பத்தில் ஒரு பங்கைச் சர்வீஸுக்கு எடுத்துவையுங்கள், மீதிக்குள் அடங்கும் பாடியை வாங்குங்கள். அந்த மீதிக்குள் எந்தப் பாடியும் அடங்கவில்லை என்றால், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துச் சம்பாதித்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். கடன் வாங்கி அவசரப்பட வேண்டாம். டிஎஸ்எல்ஆர் விலை இனி ஏறப்போவதில்லை.