ஆவணப்படமும் அடித்தளமும்

தொலைக்காட்சியை மாணவரின் பொழுதைக் கெடுக்கும் பொறி என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அதில் வரும் ஆவணப்படங்களையெல்லாம் அறிவுக் களஞ்சியம் என்று ஏற்றுக்கொள்ளுதல் அதனினும் எளிது. இவ்விரண்டும் ஆசிரியர்க்கு உரிய வழிகள் அல்ல. ஒரு நூலைத் திறனாய்வது போலவே ஆவணப்படத்தையும் திறனாய்தல் வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டாகக் கென் பர்ன்ஸ் இயக்கிய 'புருக்ளின் பாலம்' என்னும் படத்தை ஈண்டுக் காண்போம்.

டேவிட் மெக்கல்லோ 1972இல் எழுதிய வரலாற்று நூலைத் தழுவி 1981இல் உருவான இப்படம், அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஆஸ்கார் விருதுக்கும் முன்மொழியப்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் இதன் முற்பகுதி பாலம் எழுந்த வரலாற்றைக் கூறுகிறது. பிற்பகுதியோ கலைஞர், எழுத்தாளர் உள்ளங்களில் அப்பாலம் பெற்ற இடத்தைக் கூறுகிறது.

முற்பகுதி, தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் பாடம் போல அமைந்துள்ளது. 1869இல் பாலத்திற்கு இடம் அளந்துகொண்டிருந்த ஜான் ரோப்ளிங்கின் கால், படகு மோதி நசுங்கியது. இசிவு நோய் கண்டு அவர் மாண்டார். பணியை ஏற்ற மகன் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் நோய்வாய்ப்பட்டு வீட்டில் முடங்கினார். அவருடைய மனைவி எமிலி, பொறியியல் நுட்பங்களைத் தாமே கற்று, கணவரின் கட்டளைகளைப் பணியிடத்திற்குக் கொண்டு சென்றார். 1883ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. அசையாத பழைய புகைப்படங்களின் மீது படக்கருவியை மெல்ல ஊர்ந்து செல்லவிட்டு, அக்காலத்திற்கே உயிரூட்டுகின்றார் இயக்குநர். இத்திறன் போற்றத்தக்கது.

இப்படத்தை ஆறாம் ஆண்டு மாணவர்க்குத் தமிழில் விளக்கங்கூறிக் காட்டினேன். ஆற்றின் அடியில் தூண்களுக்கு அடித்தளமிட, கெய்சன் என்னும் அடிப்புறம் திறந்த மாபெரும் மரப்பேழைகளை இறக்கினர். நீர் புகாதவாறு அவற்றில் காற்றை அழுத்தி நிரப்பினர். அதனுள் நின்று மண் தோண்டியோர் விரைந்து மேலே வருங்கால் குருதியில் காற்றுக் குமிழிகள் தோன்றின, மூட்டுகள் முறுக்கிக்கொண்டன, சிலர் இறந்தனர். வாஷிங்டனை வீழ்த்தியதும் அந்நோயே. இதனைக் கூறியபோது மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, பெட்டிக்குள் இறங்கியவர்களின் பெயர்கள் என்ன?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

அவ்வினாவே இப்படத்தின் குறையைக் காட்டிவிட்டது. அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய தொழிலாளர் பலர் அங்கு உழைத்தனர். பாலப்பணியில் மாண்டோர் இருபதின்மருக்குக் குறையார். எனினும், படம் முடிந்தபின் நம் நெஞ்சில் நிற்பவர்கள் ரோப்ளிங் குடும்பத்தார் மூவரே. லூயிஸ் மம்ஃபோர்டு, ஆர்தர் மில்லர் போன்ற பேரறிஞர்களின் வியப்புரைக்குப் பிற்பகுதியில் இடந்தந்த இயக்குநர், அதில் ஒரு பங்கினை அத்தொழிலாளர்க்கு அளித்திருக்கலாம்.

கடிதமும் நாட்குறிப்பும் எழுதி வைத்தவர்களின் குரலே காலங்கடந்து ஒலிக்கும். மண் தோண்டியவர்க்கு அவ்வாய்ப்பு அரிது என்பர். உண்மையே. ஆவணம் இல்லாதவர்க்கு ஆவணப்படத்தில் இடமில்லாமற் போகின்றது. ஆயினும், 'இவர்தம் பெயர்களை நாம் அறியோம்' என்று சொல்லவும் ஒரு படத்தால் இயலும். அங்ஙனம் சொல்வதும் வரலாற்றுக்குச் செய்யும் கடமையே ஆகும்.

மலாயாவில் இருப்புப்பாதை அமைத்த தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர் பலர் நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். ஆகவே, இக்குறை நமக்குப் புறத்தே உள்ளதன்று. ஆவணப்படம் ஒன்றைக் காட்டிய பின்னர், 'பேசுபவர் யார்? பேசப்படுபவர் யார்? பேசப்படாதவர் யார்?' என்னும் மூன்று வினாக்களை மாணவர்முன் வைப்போம். பின்னர், தாத்தா பாட்டியரிடம் கேட்டு ஒரு பக்கமேனும் எழுதிவரச் செய்வோம். நாளைய ஆவணம் அப்பக்கத்திலிருந்து தொடங்கும் என்பது என் துணிபு.