நிழலும் போக்காடும்

1922ஆம் ஆண்டில் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் அளித்த 'நொஸ்ஃபெராட்டு' என்னும் கறுப்பு வெள்ளை மௌனப்படத்தைக் காண்போர் ஒரே விதமாய் உணர்வதில்லை. இரத்தம் உறிஞ்சும் பேயாகிய ஓர்லோக் பிரபுவின் எலிப்பற்களைக் கண்டு இன்று நகைப்போர் உண்டு. படிக்கட்டுச் சுவரில் ஏறும் அவனது நிழலைக் கண்டு நடுங்குவோரும் உண்டு. வேறு சிலரோ, வளைந்த மூக்கோடும் எலிகளோடும் கொள்ளைநோயோடும் கிழக்கிலிருந்து வரும் அவ்வுருவில், யூதரைப் பழித்து ஐரோப்பியர் தீட்டிய கேலிச்சித்திரங்களின் சாயலைக் கண்டு கலங்குகின்றனர்.

திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீன் யூதக் குடும்பத்தில் பிறந்தவரே. எனினும் இக்கலக்கத்தை நாம் ஒதுக்கிவிடலாகாது. 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்தனர். 1940இல் அவர்களது பிரசாரப் படமொன்று யூதரை எலிகளுக்கு ஒப்பிட்டது.

ஆயினும் படத்தைக் கூர்ந்து நோக்கின் மற்றொன்றும் புலனாகும். ஓர்லோக் அழையாமல் வந்தவன் அல்லன். அவனுக்கு வீடு முடித்துத் தருபவன் உள்ளூர்த் தரகன் க்னாக். பொருளாசை காட்டி இளைஞன் ஹூட்டரை அவனிடம் அனுப்புபவனும் அவனே. கொள்ளைநோய் பரவியதும் ஊரார் க்னாக்கைப் போக்காடாக்கித் தெருத்தெருவாய்த் துரத்துகின்றனர், நோயோ நீங்கவில்லை. ஹூட்டரின் மனைவி எல்லென் தன்னையே ஈந்தபோதுதான் அது நீங்குகிறது.

எல்லெனைக் கிறிஸ்துவின் சாயலாக எடுத்துக்காட்டும் அருளுரையாளர் உளர். அது தகும். ஆனால் அவ்வுரை, துரத்தும் கூட்டத்தில் நாம் நின்றதில்லையா என்றும் வினவவேண்டும். தீமைக்கு அயலான் முகத்தை வரைவது எளிது. அதற்குக் கதவு திறந்த கையைத் தேடுவதே மனந்திரும்புதலின் தொடக்கம்.