வெள்ளம் பட்டா பார்ப்பதில்லை

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் வெள்ளாறும் மணிமுத்தாறும் கூடுமிடம் கூடலையாற்றூர். சுந்தரர் பாடிய தலம். பழைய கோயிலை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது, இப்போதுள்ளது தள்ளிக் கட்டியது என்று தலவரலாறு சொல்கிறது. அப்படியானால், வெள்ளத்தைக் கணக்கில் கொண்டு நிலத்தைப் பயன்படுத்திய பழைய முடிவுகளில் அதுவும் ஒன்று. சாமியே விலகி ஆற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்.

வெள்ளாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில்தான் தன் அகலத்தைக் காட்டும். தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுகள் பாசனத்துக்கு நீரைத் திருப்புபவை. பெருவெள்ளத்தைத் தேக்கி வைப்பவை அல்ல. சேத்தியாத்தோப்பில் வீராணம் ஏரியின் உபரி நீரும் வந்து சேர்கிறது. ஆக, கரையோர ஊர்களைக் காப்பது பெரும்பாலும் எதை எங்கே கட்டுகிறோம் என்பதுதான்.

அதற்கு அரசு கையாளும் முதல் வழி, ஆக்கிரமிப்பு அகற்றல். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரிகளைக் காக்க 2007இல் வந்த சட்டமும் இதற்கு உண்டு. புல எண்ணும் எல்லையும் தெளிவாக இருப்பதால் நடவடிக்கை எடுப்பது எளிது. தூர்ந்த வாய்க்காலும் ஏரியின் நீர்ப்பரப்பும் மீளும். ஆனால் வருவாய்ப் பதிவேடு நிலம் யாருடையது என்று சொல்லுமே தவிர, அதில் எத்தனை அடி நீர் நிற்கும் என்று சொல்லாது. புறம்போக்கில் உள்ள குடிசை காலியாகிறது. பக்கத்தில் அதைவிடப் பள்ளமான பட்டா நிலத்தில் திருமண மண்டபம் எழுந்தால், ஆக்கிரமிப்புச் சட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டாவது வழி, வெள்ளச் சமவெளியை மண்டலங்களாகப் பிரிப்பது. மத்திய அரசு 1975இலேயே மாதிரி மசோதா அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் சட்டம் இயற்றின, தமிழ்நாடு இயற்றவில்லை. மருத்துவமனை, மின்நிலையம் போன்றவை நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேல், குடியிருப்பும் அலுவலகமும் இருபத்தைந்தாண்டு மட்டத்துக்கு மேல், பூங்காவும் விளையாட்டுத் திடலும் தாழ்விடத்தில் என்பது இம்முறையின் வரிசை. எது நனையலாம், எது நனையக் கூடாது என்று கேட்பதே இதன் பெரும் பலம்.

குறைகளும் உண்டு. இருபத்தைந்தாண்டு வெள்ளம் என்றால் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் ஒவ்வோர் ஆண்டும் அதற்கு நூற்றுக்கு நான்கு வாய்ப்பு. அந்த மட்டத்தில் கட்டிய வீடு முப்பது ஆண்டுக்குள் ஒருமுறையாவது நனைவதற்கு நூற்றுக்கு எழுபத்தொன்று. மேலும், மண்டலக் கோடு பழைய கணக்கில் போடப்படுகிறது. மழை அதை மீறுகிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டபோது, தென்பெண்ணை ஆறு கடலூர் வரை ஊர்களை மூழ்கடித்தது. அணைத் திறப்பைச் சேர்க்காத வரைபடம் பாதி வரைபடம்தான்.

கடைசிக் குறை நியாயம் பற்றியது. மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு நிலமே சேமிப்பு. இங்கே கட்டக் கூடாது என்று ஒரு கோடு விழுந்தால் விலை சரியும். இழப்பீடு இல்லையென்றால் அவர் கோட்டை எதிர்ப்பார். எனவே விதி வெறும் தடையாக இருக்கக் கூடாது. ஆற்றுப் படுகை தரிசு அல்ல, விளையும் நிலம். சி.ஆர். 1009 சப்-1 போன்ற நெல் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினாலும் மீளும், வீடு மீளாது. வயல் வயலாகவே நீடிப்பதற்கு உதவித்தொகையும் பயிர்க் காப்பீடும் தரும் விதிதான் ஊரில் நிற்கும்.

கரையை உயர்த்தினால் போதாதா என்பார்கள். சிறு வெள்ளத்தை அது நிச்சயம் தடுக்கும். ஆனால் வயலில் பெய்த மழை ஆற்றுக்கு வடிய வழியின்றித் தேங்கும். கரையை நம்பிப் பள்ளத்தில் வீடுகளும் பெருகும். என்றாவது கரை உடைந்தால் சேதமும் அதற்கேற்பப் பெரிதாகும்.

இதற்கெல்லாம் தேவையான தகவல் ஏற்கெனவே நம்மிடம் வந்து போகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நிவாரணக் கணக்கெடுப்புக்காக அலுவலர்கள் மூழ்கிய வயல்களுக்கு நேரில் போகிறார்கள். பணம் கொடுத்ததும் அந்தக் கோப்பு மூடப்படுகிறது. அடங்கலில் புல எண் வாரியாகப் பயிரை எழுதும் கிராம நிர்வாக அலுவலர், வெள்ளம் நின்ற உயரத்தையும் அதே பக்கத்தில் எழுதட்டும். கட்டட அனுமதி கேட்டு வருபவரிடம் பட்டாவோடு அந்தப் பக்கத்தையும் கேட்க வேண்டும்.