சத்தம் சரியில்லை என்பது யாருடைய தீர்ப்பு?

'எர்த்பவுண்ட்'. மண்ணோடு கட்டுண்டது என்று பொருள். இங்கிலாந்தின் புரோகிரெசிவ் ராக் குழுவான கிங் கிரிம்சன் 1972இல் வெளியிட்ட மேடைப் பதிவு. மோசமான ஒலிப்பதிவு என்று பேர் வாங்கிய ஆல்பம் இது. பொய்யில்லை. அமெரிக்கப் பயணத்தில் மிக்ஸரிலிருந்து நேராகக் கேசட்டில் இறக்கியது. குரல் கிழிகிறது, உச்சத்தில் எல்லா வாத்தியமும் ஒன்றோடொன்று நசுங்குகிறது. ஒலித்தரம் போதாதென்று அமெரிக்காவில் வெளியிட அட்லாண்டிக் கம்பெனி மறுத்தது. இங்கிலாந்தில் ஐலண்ட் கம்பெனியின் மலிவுவிலைப் பிரிவான 'ஹெல்ப்' வெளியிட்டது. சி.டி.யாக வர 2002 ஆயிற்று.

சரி, சத்தம் சரியில்லை. அதோடு விசாரணை முடிந்ததா? முடியாது என்பதே நம் வாதம்.

ராக் இசைக்குத் தாய்வீடு ப்ளூஸ். அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களும் உண்டாக்கியது அது. இங்கிலாந்தின் வெள்ளை இளைஞர்கள் அதைக் கேட்டுத்தான் கிட்டார் பிடித்தார்கள். புரோகிரெசிவ் ராக் அங்கிருந்து 'முன்னேற' விரும்பியது. எந்தத் திசையில்? ஐரோப்பியச் செவ்வியல் இசையின் பக்கம். நீண்ட வடிவங்கள், வயலின் கூட்டத்தைப் போலி செய்யும் மெல்லோட்ரான், உட்கார்ந்து கேட்கும் சபை. அருமையான இசையும் பிறந்தது, மறுக்கவில்லை. ஆனால் மேலே ஏறுவதென்றால் வந்த வீட்டை விட்டுப் போவதுதான் என்கிற கணக்கும் கூடவே வந்தது. இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததா?

1972இல் குழுவில் நாலு பேர். கிட்டார் ராபர்ட் ஃப்ரிப், சாக்சபோன் மெல் காலின்ஸ், டிரம்ஸ் இயன் வாலஸ், பாட்டும் பேஸ் கிட்டாரும் பாஸ் பர்ரெல். பர்ரெலுக்கு பேஸ் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததே ஃப்ரிப்தான். குழுவின் திசை ஃப்ரிப் கையில். மற்ற மூவருக்கும் ப்ளூஸ் பக்கம் மனசு. வருடத் தொடக்கத்திலேயே பிளவு வந்துவிட்டது. ஒப்புக்கொண்ட பயணத்துக்காகச் சேர்ந்து போனார்கள். பாகம் பிரிந்த வீட்டில் ஒரே அடுப்பு.

அந்தச் சண்டைதான் இந்த ஆல்பத்தின் உயிர். 'பியோரியா'வைக் கேளுங்கள். டிரம்ஸும் பேஸும் ஒரே சுற்றை விடாமல் சுற்றுகின்றன, சாக்சபோன் கத்துகிறது, பர்ரெல் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் குரலாலேயே வாசிக்கிறார். எழுதிவைத்த இசையில்லை, நாலு பேரும் மேடையில் நின்று உண்டாக்கியது. உரிமையும் நாலு பேர் பேரில்தான். ஆட்டத்துக்கு இழுக்கும் இந்த இசையைக் கச்சிதமில்லை என்று தள்ளினால், பழுது கேசட்டில் மட்டுமா, கேட்கிற காதிலுமா?

இதைக் கறுப்பின மக்களின் குரல் என்று தூக்கிவைக்க வேண்டாம். கடன் வாங்கிய நாலு வெள்ளையர்களின் இசை இது. 'க்ரூன்' பதினைந்து நிமிஷம். நடுவில் சிந்தசைசர் வழியே போகும் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் வெறும் வித்தை காட்டல், சலிக்கிறது.

பயணம் முடிந்ததும் காலின்ஸ், வாலஸ், பர்ரெல் மூவரும் ப்ளூஸ்காரர் அலெக்சிஸ் கோர்னரோடு சேர்ந்தார்கள். ஃப்ரிப் அதே வருடம் புதுக் குழு கட்டினார். யார் முன்னேறினார்கள், யார் இறங்கினார்கள் என்று அளக்கிறவர்கள், அளவுகோலை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் சொல்லட்டும்.