ஃபோகஸ் கட்டம் எதற்குச் சாட்சி?

கல்வெட்டுப் படங்களை வைத்து எழுத்து படிக்கிறவர்களிடையே அடிக்கடி ஒரு வாக்குவாதம் வரும். ஓர் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. கல் தேய்ந்திருக்கிறதா, இல்லை ஃபோகஸ் தவறியதா? தேய்ந்திருந்தால் அடைப்புக்குறி போட்டு ஊகம் என்று சொல்லவேண்டும். ஃபோகஸ்தான் காரணம் என்றால் மறுபடி போய் எடுத்தால் போதும். இதைத் தீர்த்துவைக்கும் என்று பலர் நம்புவது, ஃபோகஸ் விழுந்த இடத்தைப் படத்தின் மேல் சின்னக் கட்டமாகக் காட்டும் மென்பொருள் வசதியை. அது வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் இப்போது காட்டுகிற விதம் அரைகுறை.

கட்டம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கேமரா ஒவ்வொரு கோப்பிலும் எக்ஸிஃப் தகவல் எழுதுகிறது. ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் எல்லாம் எந்த மென்பொருளும் படிக்கும்படி பொதுவான இடத்தில் இருக்கும். ஃபோகஸ் புள்ளி மட்டும் ‘மேக்கர்நோட்’ என்கிற, கம்பெனியின் சொந்தப் பொட்டலத்துக்குள் போய்விடும். ஆளுக்கொரு கணக்கு. கேனான் படத்தின் நடுவிலிருந்து அளக்கும். சோனி அகலம், உயரம், எக்ஸ், ஒய் என நான்கு எண் தரும். நிக்கானின் 51 புள்ளி கேமராக்கள் ‘சி6’ மாதிரி ஒரு பெயரை மட்டும் சொல்லும், அது படத்தில் எங்கே என்று நாம்தான் வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டும். கனடாக்காரர் ஃபில் ஹார்வி எக்ஸிஃப்டூலில் இந்த முடிச்சுகளை வருடக்கணக்காக அவிழ்த்து வைத்ததால்தான் மற்றவர்கள் பிழைக்கிறார்கள்.

இதில் வேடிக்கை, 2002இல் வந்த எக்ஸிஃப் 2.2 தரத்திலேயே ‘சப்ஜெக்ட் ஏரியா’ என்று ஒரு பொதுப் புலம் இருக்கிறது. இரண்டு எண் கொடுத்தால் புள்ளி, மூன்று என்றால் வட்டம், நான்கு என்றால் செவ்வகம். ஐஃபோன் அதில் ஒழுங்காக எழுதுகிறது. பெரிய கேமரா கம்பெனிகள் விவரத்தைத் தங்கள் பொட்டலத்திலேயே வைத்துக்கொண்டன. அதனால் கேனான் படத்துக்கு டிபிபி, நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்று தனித்தனியாகத் திறந்து பார்க்கவேண்டிய நிலை. ஆப்பிளின் அப்பர்ச்சர் காட்டியது, அதை 2014இல் கைவிட்டார்கள். 2007இல் வந்த லைட்ரூமில் பல வருடம் இந்த வசதியே இல்லை. ‘ஃபோகஸ் பாயின்ட்ஸ்’ என்ற இலவச ப்ளகின் போட்டுக்கொள்ளலாம், அதுவும் உள்ளே எக்ஸிஃப்டூலைத்தான் கூப்பிடுகிறது.

சரி, கட்டம் வந்துவிட்டது. அது என்ன சொல்கிறது?

சோதித்துப் பார்க்க உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் நல்ல இடம். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் குடவோலைச் சாசனங்கள். பாடம் நூறு வருடத்துக்கு முன்பே பதிப்பிக்கப்பட்டுவிட்டதால் இது விடை தெரிந்த கணக்கு.

ஃபுல் ஃப்ரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஒரு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் போதவில்லை என்று எஃப்/1.8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 4 செ.மீ.தான். சுவரை 45 டிகிரி சாய்வில் எடுத்தால் சுவரின் மேல் அது சுமார் 6 செ.மீ. அகலம். எழுத்தின் அளவைப் பொறுத்து இரண்டு மூன்று எழுத்து தேறும், அவ்வளவுதான். கட்டம் அந்த இரண்டு மூன்று எழுத்துக்குத்தான் பேசும், மொத்த வரிக்கும் பேசாது. எஃப்/8 வைத்தால் ஆழம் ஏறத்தாழ 18 செ.மீ. ஆகும், ஆனால் ஷட்டர் வேகம் குறைந்து கை ஆடும். கை ஆடினாலும் கட்டம் அதே இடத்தில் அழகாக உட்கார்ந்திருக்கும்!

இன்னொன்று, பலரும் செய்கிற வேலை. நடுப்புள்ளியில் ஓர் எழுத்தை ஃபோகஸ் செய்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி எடுப்பது. ஒரு மீட்டரில் 20 டிகிரி திருப்பினால் கூர்மைத் தளம் அந்த எழுத்துக்கு 6 செ.மீ. பின்னால் போய்விடும். எஃப்/1.8இல் மொத்த ஆழமே 4 செ.மீ. என்றால் எழுத்து வெளியே. மென்பொருளோ கட்டத்தை நடுவிலேயே, ஃபோகஸே செய்யாத வேறோர் எழுத்தின் மேல் வரையும். ஏன்னா அதற்குத் தெரிந்தது சென்சாரில் இருக்கும் இடம் மட்டுமே. கல்லில் எந்த இடம் என்று அதற்குத் தெரியாது.

தமிழ்க் கல்வெட்டில் இது சின்ன விஷயமில்லை. புள்ளி பெரும்பாலும் வெட்டுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி. கி, கீ வித்தியாசம் ஒரு சுழி. மங்கலில் முதலில் காணாமல் போவது அந்தச் சுழிதான். மைப்படியில் இந்தத் தொல்லையே கிடையாது. தாள் கல்லோடு ஒட்டி நிற்பதால் ஃபோகஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்போது எதை நம்புவது? கருங்கல்லின் பரலை நம்பலாம் என்பது என் கருத்து. டார்க்டேபிளில் ஃபோகஸ் பீக்கிங் போட்டால் கூர்மையான விளிம்புகள் வண்ணத்தில் ஒளிரும். சந்தேக எழுத்தைச் சுற்றியுள்ள பரல் ஒளிர்ந்து, எழுத்தின் கோடு மட்டும் ஒளிரவில்லை என்றால் பெரும்பாலும் கல் தேய்ந்திருக்கிறது. பரலும் சேர்ந்து மங்கினால் படத்தில்தான் கோளாறு. கேமரா எங்கே குறி வைத்தது என்று கட்டம் சொல்லும், அது பலித்ததா என்று பரல் சொல்லும். இரண்டையும் ஒரே திரையில் வைத்து, ஃபோகஸ் பூட்டியதா, தொடர் ஃபோகஸா என்பதையும் பக்கத்தில் காட்டினால் மென்பொருள் உருப்படியான வேலை செய்ததாக ஒப்புக்கொள்வேன். பூட்டிய விவரத்தை கேமரா எழுதாத இடத்தில் ‘தெரியாது’ என்று போடட்டும், கட்டம் மட்டும் போட்டு நம்பவைக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மூலக்கோப்பு வேண்டும். லைட்ரூமிலிருந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்தால் மேக்கர்நோட் போய்விடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதி. டாக்குமென்டாக அனுப்புங்கள், தப்பிக்கும்.