இலவச இணையக் கல்வியுதவியும் மலையகப் பிள்ளைகளும்: ஒரு விமர்சன நோக்கு

'இலவசம்' என்ற சொல் மலையகத் தோட்டங்களுக்குப் பிந்தியே வந்து சேர்வது வழக்கம். 1945ஆம் ஆண்டு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபொழுது, தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அங்கு பயின்ற பிள்ளைகளின் பெற்றோரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அப்பாடசாலைகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது 1970களிலேதான். நாட்டில் கட்டணம் நீங்கியதற்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலை கிடைத்ததற்கும் இடையில் ஒரு தலைமுறைக் காலம் கழிந்துவிட்டது. இணையவழி இலவசக் கல்வியுதவியை மதிப்பிடப் புகுவோர் இவ்வரலாற்றை மனங்கொள்ளுதல் வேண்டும்.

2020 மார்ச்சிற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' என்னும் இணையத்தளம் எல்லோராலும் சுட்டிக்காட்டப்பட்டது. பாடநூல்கள், பாட விளக்கங்கள், கடந்தகால வினாத்தாள்கள் முதலியன மும்மொழிகளிலும் அங்கு கட்டணமின்றிக் கிடைத்தன. அதன் பயனை மறுப்பது நேர்மையாகாது. தமிழ்மொழிமூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலமாக நீடித்துவரும் பிரதேசத்தில், தெளிவான பாட விளக்கம் ஒன்று கைக்கெட்டுவது சிறிய விடயமன்று. ஆயினும் அத்தளம் ஒரு களஞ்சியம். எதனைத் தேடுவதென்று அறிந்தவனுக்கே களஞ்சியம் பயன்படும். பின்னக் கழித்தலில் இடறிய பிள்ளைக்குத் தான் எந்தப் படியில் இடறினேன் என்பது தெரிவதில்லை. அது தெரிந்திருப்பின் உதவியே தேவைப்படாது. (தக்கசீலத்தின் பெயரை அத்தளம் சூடியிருப்பதும் ஒரு வேடிக்கையே, அங்கு மாணவர் ஆசிரியரோடு உறைந்து கற்றனர் என்பர்.)

'வீட்டுவேலை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பாடசாலை ஆசிரியர் அதனை ஒரு பொருளிலும் தோட்டத்துத் தாய் வேறொரு பொருளிலும் வழங்குவர். காலையிற் பெரட்டுக்குப் போன தாய், மாலையிற் கொழுந்து நிறுத்து முடிந்து மலையிறங்கி வரும்வரை, பீலியில் தண்ணீர் பிடிப்பதும் அடுப்பு மூட்டுவதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் மூத்த பெண்பிள்ளையின் வீட்டுவேலை. ஆசிரியர் தரும் வீட்டுவேலையோ, ஒரு மேசையும் வெளிச்சமும் ஓய்ந்த ஒரு மணி நேரமும், கேட்டால் விளங்கவைக்கக்கூடிய மூத்தவர் ஒருவரும் உள்ள வீட்டைக் கற்பனை செய்துகொண்டு தரப்படுவது. 10 அடிக்கு 12 அடியான லயத்துக் காம்பராவிலும் அதன் இஸ்தோப்பிலும் அத்தகைய வீட்டைக் காண்பது அரிது. பாடசாலை மூடப்பட்ட காலத்தில் இவ்விரு வீட்டுவேலைகளும் ஒரே கூரையின் கீழ் மோதின. எது வென்றது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கருவியின் கதையும் இதுவே. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் வெளியானது 2021 மார்ச்சிலேதான். அக்கூலியிற்கூட இணைய வசதியுள்ள கைத்தொலைபேசி ஒன்றின் விலை சில வார உழைப்பாகும். வீட்டுக்கு ஒன்று இருந்தாலும், கொழும்பில் வேலைசெய்யும் தந்தையோடு அது போய்விடும். இல்லையேல் மூன்று பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பர். நடைமுறையிற் கற்பித்தல் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவே நிகழ்ந்தது. ஆசிரியர் கையால் எழுதிய குறிப்பின் நிழற்படம் வரும். பிள்ளை அதனைப் பார்த்தெழுதும். எழுதுவது கற்பதாகக் கொள்ளப்பட்டது.

இதனை இனப் பாகுபாடு என்று மட்டும் கூறி அமைவதும் பொருந்தாது. 2021இல் ஊவாவின் சிங்களக் கிராமம் ஒன்றிலும் அலைவரிசை தேடிப் பிள்ளைகள் குன்றேறியதாகச் செய்தி வந்தது. வர்க்கத் தடை இருசாராருக்கும் பொதுவே. தோட்டத்துப் பிள்ளைக்கு அதன்மேல் வேறொரு தடையும் உண்டு. தன் மொழியிற் கணிதம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைக்கு, விட்டுப்போன அடிப்படைகளை இணையமும் ஈடுசெய்யவில்லை.

இணையவழிக் கல்வியுதவிக்கு உலகெங்கும் முன்மாதிரியாகக் காட்டப்படுவது 'கான் அக்கடமி'. அதன் தொடக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. தெற்காசியக் குடியேறிகளின் மகனான சல்மான் கான், 2004இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து, நியூ ஓர்லியன்சில் வாழ்ந்த உறவுச் சிறுமி ஒருத்திக்குத் தொலைபேசி வழியே கணிதம் கற்பித்தார். அவளுக்கு இடர் தந்தது அலகு மாற்றம். அவர் கேட்டார், அவள் விடை சொன்னாள், தவறினாள், அவர் மீண்டும் கேட்டார். யூரியூப்பிற் காணொளிகள் வந்தது அதற்குப் பின்னரே. அச்சிறுமிக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார். ஏனையோருக்கு அவருடைய விளக்கம் வாய்த்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இலவச இணைய உதவி பற்றிய பேச்சுகளிற் பெரும்பாலானவற்றின் அடிப்படைக் குறை.

நாடு மூடப்பட்டிருந்த காலத்திற் பல்கலைக்கழக மாணவரும் இலவச இணைய வகுப்புகள் நடத்தினர். அவ்வுழைப்பு மதிக்கத்தக்கது. எனினும் அவ்வகுப்புகளிற் பல ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலையும் க.பொ.த. சாதாரண தரத்தையும் குறிவைத்தவை. ரியூட்டரியின் அச்சிலே வார்க்கப்பட்டவை. நூறு பேர் கேட்க ஒருவர் பேசினார். ஒலிவாங்கியை மூடிவைக்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. ஏழாந்தரத்தில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளை அங்கு இணையவில்லை. இணைந்திருந்தாலும் அதன் தடுமாற்றம் எவர் காதிலும் விழுந்திராது.

களஞ்சியங்கள் இனி நிறையவே உருவாகும். அவற்றுக்கு நிதி கிடைப்பதும் கடினமன்று. சாதாரண தரம் முடித்துத் தோட்டத்திலேயே இருக்கும் இளைஞர் ஒருவருக்கு மாலை ஐந்து மணிக்குப் பின் ஒரு சிறு கொடுப்பனவும், தோட்டத்து வாசிகசாலையில் ஒரு மின்குமிழும், ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசியும் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கையே முதலிற் பார்க்கவேண்டியுள்ளது.